செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது? செயற்கைக்கோள் படத்தை வைத்து நாமே அளக்கலாம்

2019 ஜூனில் வறண்டு வெடித்துக் கிடந்த செம்பரம்பாக்கம் ஏரியையும் 2024 ஜனவரியில் நிரம்பி நின்ற அதே ஏரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். 2024 படத்தில் ஏரியே காணோம். அங்கங்கே நாலு திட்டு நீலம், அவ்வளவுதான். இரண்டு ராத்திரி அதிலேயே போயிற்று. உங்களுக்கு அது போக வேண்டாம்.

தேவையானது ஐரோப்பாவின் புவி கண்காணிப்புத் திட்டமான கோப்பர்னிக்கஸில் ஒரு இலவசக் கணக்கு, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். இந்தப் படங்களுக்கென்றே இருக்கும் ஸ்னாப் மென்பொருள் வேண்டாமா என்று கேட்பீர்கள். என் பழைய மடிக்கணினி அதைத் திறந்தாலே மூச்சு வாங்குகிறது. இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை.

கோப்பர்னிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் சென்டினல்-2 (செயற்கைக்கோள்), எல்2ஏ (வளிமண்டலத்தின் தாக்கத்தைத் திருத்திய படம்) என்று தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். மேக அளவை 20 சதவீதத்துக்குள் வைக்கலாம். ஆனால் அந்தச் சதவீதம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் நீள அகலமுள்ள முழுத் துண்டுக்கும் சேர்த்துக் கணக்கிட்டது. 5 சதவீதம்தான் என்று இறக்கினால், அந்த ஐந்தும் சரியாக ஏரி மேலேயே குடை பிடித்து நிற்கும். முதலில் படத்தைக் கண்ணால் பாருங்கள். கோப்புப் பெயரில் உள்ள நேரம் உலக நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். செயற்கைக்கோள் நம்மூரைக் காலை பத்தரையை ஒட்டிக் கடக்கும்.

இறக்கிய கோப்பில் ஆர்10எம் என்ற உறையைத் தேடி, பி03 (பச்சை), பி08 (அண்மை அகச்சிவப்பு) என்ற இரண்டு ஒளிப் பட்டைகளையும் கியூஜிஐஎஸ்ஸில் போடுங்கள். ஏரிக்கரையைச் சுற்றி ஒரு பலகோணம் வரைந்து அந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு, படத்தின் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போடும் ராஸ்டர் கால்குலேட்டரில்:

(பி03 − பி08) ÷ (பி03 + பி08)

1996-இல் மெக்ஃபீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் சொன்ன நீர்க் குறியீடு இது. தண்ணீர் அண்மை அகச்சிவப்பை விழுங்கிவிடும், செடி கொடி திருப்பி அடிக்கும். அதனால் தண்ணீருக்குக் கூட்டல் எண்ணும் நிலத்துக்குக் கழித்தல் எண்ணும் வரும்.

நான் விழுந்த குழி இங்கேதான். 2022 ஜனவரி 25 முதல் வந்த படங்களில் ஒவ்வொரு புள்ளியின் எண்ணோடும் 1000 கூட்டித்தான் சேமிக்கிறார்கள். இருண்ட இடங்களில் திருத்தத்துக்குப் பிறகு கழித்தல் எண் வரக்கூடும், அந்தக் கோப்பு வகையில் கழித்தல் எண்ணை எழுத வழியில்லை, அதற்காக இந்த ஏற்பாடு. எனக்கு அது தெரியாது.

கலங்கிய தண்ணீர்ப் புள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சேமித்த எண்கள் பச்சைக்கு 2000, அகச்சிவப்புக்கு 1600. அப்படியே போட்டால் 400 ÷ 3600, அதாவது 0.11. ஆயிரத்தைக் கழித்துவிட்டுப் போட்டால் 400 ÷ 1600, அதாவது 0.25. எங்கோ படித்ததை நம்பி 0.2-க்கு மேல் இருந்தால்தான் தண்ணீர் என்று வைத்திருந்தேன். ஏரி மறைந்தது அதனால்தான்! மேலே இருக்கும் 400 மாறவே இல்லை, கவனியுங்கள். அதனால் பூஜ்யத்தை எல்லையாக வைப்பவர்களுக்கு இந்தத் தப்பு கடைசி வரை தெரியாது.

ஆகவே 2022 ஜனவரி 25 முதல் வந்த படமென்றால் இரண்டு பட்டைகளிலும் முதலில் 1000 கழியுங்கள். சந்தேகமாக இருந்தால் படத்தின் விவரங்களைச் சொல்லும், கூடவே வரும் எக்ஸ்எம்எல் கோப்பில் 'பிஓஏ ஆட் ஆஃப்செட்' என்று தேடுங்கள். −1000 என்று இருக்கும்.

மிச்சம் சுலபம். பூஜ்யத்துக்கு மேலிருப்பதை 1, மற்றதை 0 ஆக்கி, 'ராஸ்டர் லேயர் யுனிக் வேல்யூஸ் ரிப்போர்ட்' கருவியை ஓட்டுங்கள். ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். நூறு புள்ளி ஒரு ஹெக்டேர். இது பரப்பு மட்டும்தான், ஆழம் இதில் தெரியாது. செய்தியில் வரும் மில்லியன் கன அடியோடு இதை ஒப்பிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள்.

பின்சேர்க்கை 1: 2019 படத்திலும் 1000 கூடியிருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். பழைய படங்களை மறுபடி பதப்படுத்தி வெளியிட்டிருக்கிறார்கள். கோப்புப் பெயரில் என்0500 என்று இருந்தால் அதிலும் கழிக்க வேண்டும். தேதியை நம்பாமல் அந்த எண்ணைப் பாருங்கள். 0400 தொடங்கி எல்லாவற்றுக்கும் கழித்தல் உண்டு.

பின்சேர்க்கை 2: ராஸ்டர் கால்குலேட்டருக்குப் பதில் ஜிடால் கால்குலேட்டர் என்ற இன்னொரு கருவியில் செய்தவருக்கு நிலமெல்லாம் தண்ணீராக வந்ததாம். அது முழு எண்ணிலேயே கழிப்பதால், பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டியது சுற்றிக்கொண்டு அறுபத்தைந்தாயிரத்துப் பக்கம் போய் நிற்கும். பட்டைகளை முதலில் தசம எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3: ஆகாயத்தாமரை மூடிய ஏரிகளுக்கு இந்த முறை ஆகாது. மேலே இலை, அடியில் தண்ணீர். செயற்கைக்கோளுக்கு அது வயல். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விடவே விடாது. அப்போது மேகத்தை ஊடுருவும் ரேடார் கொண்ட சென்டினல்-1 பக்கம் போக வேண்டியதுதான். அதை இன்னும் நானே சரியாகச் செய்து முடிக்கவில்லை.