பாட்டு காதைக் குத்தினால் முதலில் மெத்தையைத் தூக்குங்கள்

போனை ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்) செருகி, இரண்டு ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டுக் கேட்டால் காதைக் குத்துகிறது. கீச்சொலியைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழைக் குறைத்துப் பார்த்தாச்சு, சத்தம் மந்தமானதே தவிர குத்தல் போகவில்லை. அப்படியென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. நம் காது கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அங்கே கொஞ்சம் கூடினாலும் உறுத்தும். நாதஸ்வரம் இயல்பாகவே அங்கே ஓங்கி ஒலிக்கும் என்பதால் அதைப் போட்டுச் சோதிக்க வேண்டாம். நெல்லை வானொலியில் யாராவது பேசும்போது 'ச', 'ஸ' எழுத்துகள் சீறுகின்றனவா என்று கேளுங்கள்.

போனில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை அணைத்து, போன் வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்துங்கள். முழுக்க வைத்தால் சில ஆம்ப்களின் உள்ளீடே தாங்காது. பிறகு ஆம்ப் வால்யூமைப் பாதியாக்குங்கள். குத்தல் அடங்கினால் ஆம்ப் திணறுகிறது என்று அர்த்தம். 4440 ஐசி (ஆம்ப் சில்லு) போட்டு உள்ளூரில் அசெம்பிள் செய்த ஆம்ப் 13.2 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் 6 வாட்தான் தரும். சாயங்காலம் கரண்ட் வோல்டேஜ் இறங்கினால் அதுவும் இல்லை. இதற்கு பாஸ் (அடித்தொனி) குமிழைக் குறையுங்கள்; பவரைத் தின்பது அதுதான்.

மெதுவாக வைத்தாலும் குத்தினால் அறையைப் பாருங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், காங்கிரீட் கூரை போட்ட பட்டாசலில் (கூடத்தில்) கை தட்டினால் 'டிங்' என்று வால் நீளும். மரத்தால் மச்சு போட்ட பழைய வீடுகளில், தட்டுமுட்டுச் சாமான் நிறைந்திருந்தால், இந்தத் தொல்லை குறைவு.

நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் இருங்கள். இன்னொருவர் பக்கச் சுவரை ஒட்டிக் கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடியில் ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) தெரியும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, அங்கே இலவம் பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். எதிர்ச் சுவரிலும் அப்படியே. பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டால் அழகுதான், ஆனால் வேலைக்கு ஆகாது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 செ.மீ.; அதை நன்றாக உறிஞ்ச அதில் கால் பங்கு, 8.5 செ.மீ. தடிமனாவது வேண்டும். பாய் சில மில்லிமீட்டர்தான். பாயில் உட்கார்ந்து பாட்டுக் கேளுங்கள், அது போதும். மெத்தையால் பலன் தெரிந்தால் அதே தடிமனில் பஞ்சு அடைத்த பலகை செய்து மாட்டலாம். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள். ட்வீட்டர் நேரே காதைப் பார்த்தால், பெட்டியை 10 முதல் 15 டிகிரி வெளிப்புறம் திருப்புங்கள்.

பாஸே இல்லாமல் சத்தம் ஒல்லியாக இருந்தால் ஒரு பெட்டியின் ஒயர் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறியிருக்கலாம். ஆம்ப்பிலிருந்து ஒயரைக் கழற்றி அதன் முனைகளில் 1.5 வோல்ட் டார்ச் கட்டையை ஒரு கணம் தொடுங்கள். இரண்டு பெட்டியிலும் பாசிட்டிவை ஒரே முனையில் தொட்டால் ஊஃபரின் (பெரிய ஸ்பீக்கரின்) கூம்பு ஒரே திசையில் நகர வேண்டும். ட்வீட்டர் முனையில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு குத்தினால் ட்வீட்டரையே அடக்கலாம். 8 ஓம் ட்வீட்டருக்கு, அடித்தொனியை வடிகட்டும் கெபாசிட்டரைத் தாண்டி 2.2 ஓம் சிமென்ட் ரெசிஸ்டரைத் தொடராகவும், ட்வீட்டரின் இரு முனைக்கும் குறுக்கே 18 ஓமும் போடுங்கள். இரண்டும் 10 வாட். ஏறக்குறைய 3 டெசிபெல் குறையும். 18 ஓமை விட்டுவிட்டு 2.2 மட்டும் போட்டால் மொத்த ஓம் கூடி, ட்வீட்டருக்கு ஒலி பிரியும் எல்லை கீழே இறங்கும். அதற்கு ஆகாத ஒலியும் போய்ச் சேரும்.

பீசோ ட்வீட்டர் (காந்தச் சுருளுக்குப் பதில் பீங்கான் தகடு அதிரும் வகை) என்றால் மல்லுக்கட்டாமல் கழற்றிவிடுங்கள். 8 ஓம் சில்க் டோம் (துணிக் குவிமாடம் உள்ள ட்வீட்டர்) போட்டு, 3.3 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெபாசிட்டர் சேர்த்தால் சுமார் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் பாடும். ஒன்று கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் கூர்மையாகக் கேட்கும்.