வைரம் வாங்கும்போது சர்டிபிகேட்டில் செய்யும் தவறுகள்

"சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டால் இன்று எந்தக் கடையிலும் "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். கையோடு ஒரு கார்டையும் நீட்டுவார்கள். பெரும்பாலோர் அதோடு பில் போடச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கார்டை யார் கொடுத்தது, எந்தக் கல்லுக்குக் கொடுத்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் ஹால்மார்க். இந்தியத் தர நிறுவனமான பிஐஎஸ்-இன் முத்திரையும், எச்யுஐடி என்ற ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளக் குறியீடும் இருப்பதால் நகை முழுக்க சோதிக்கப்பட்டது என்று நினைக்கிறோம். அது தங்கத்துக்கு மட்டும்தான். 750 என்று இருந்தால் 18 காரட் தங்கம், அவ்வளவே. பதித்த கல் வைரமா, அமெரிக்கன் டைமண்டா என்பது அந்த முத்திரையின் வேலையில்லை.

கடையே அச்சடித்துத் தரும் உத்தரவாத அட்டையும் ஆய்வக அறிக்கை ஆகாது. விற்பவரே தன் சரக்குக்கு மார்க் போட்டுக்கொள்வது அது. 1931-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜிஐஏ, 1975-இல் ஆன்ட்வெர்ப்பில் தொடங்கிய ஐஜிஐ போன்றவை தனி ஆய்வகங்கள். ஆனால் எல்லா ஆய்வகமும் ஒரே கண்டிப்போடு கலரையும் (எவ்வளவு நிறமற்றது), கிளாரிட்டியையும் (குறைகள் எவ்வளவு குறைவு) போடுவதில்லை. இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்போது ஒரே ஆய்வகத்தின் அறிக்கை உள்ள கற்களை ஒப்பிடுங்கள்.

ஆய்வகத்தின் பெயரைப் பார்த்ததும் நின்றுவிடுவது இன்னொரு தவறு. ஐஜிஐ இயற்கை வைரத்துக்கும் அறிக்கை தருகிறது, ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் தருகிறது. விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எது என்று அறிக்கையிலேயே தெளிவாக எழுதியிருக்கும், படித்தால் போதும். கடையில் வைரமா என்று பார்க்கும் டெஸ்டர் கருவியை வைத்து 'பீப்' சத்தம் கேட்கவைப்பதை நம்ப வேண்டாம். வளர்த்ததும் வைரம்தான், அதனால் கருவி கத்தும். கல் வெப்பத்தைக் கடத்துவதை மட்டும் அளக்கும் டெஸ்டர், வைரம் போலவே இருக்கும் மாய்ஸனைட் என்ற வேறு கல்லுக்கும் கத்தும்.

நம் ஊரில் அதிகம் விற்பது ஏழு கல் தோடும் மூக்குத்தியும். இங்கேதான் சிக்கல். சின்னக் கற்களுக்கு பெரும்பாலும் தனித்தனி அறிக்கை இருக்காது. முழு நகைக்கும் சேர்த்து ஒன்று, அதில் மொத்த எடை, கலர் ஈ-எஃப் (நிறமற்ற வகை; டி-தான் உச்சம்), கிளாரிட்டி விவிஎஸ் (மிக மிகச் சிறிய குறை) என்று பொதுவாகப் போட்டிருக்கும். பின்பக்கம் மூடிய குளோஸ் செட்டிங் என்றால் கல்லைக் கழற்றாமல் எடை போடவே முடியாது. தெரிகிற அளவுக்குத்தான் ஆய்வகமும் மதிப்பிடும். ஜிஐஏ பதித்த கல்லுக்கு மதிப்பீடே தராது, உதிரிக் கல்லை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். எனவே அரை காரட், அதாவது 50 சென்ட்டுக்கு மேல் ஒற்றைக்கல் எடுப்பவர்கள் முதலில் கல்லை அறிக்கையோடு உதிரியாகப் பார்த்துவிட்டு, அப்புறம் கட்டக் கொடுப்பது நல்லது. அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பல கற்களின் விளிம்பில் அதே எண் லேசரில் பொறித்திருக்கும். பத்து மடங்கு லென்ஸில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டுக் கடைகளில் கேட்கும் 'ப்ளூ ஜாகர்' பற்றியும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் அது. லேசான நீல ஓட்டம் உள்ள கற்கள் அங்கே கிடைத்தன. சுரங்கம் 1971-இல் மூடியாகிவிட்டது. பெயர் மட்டும் ஓடுகிறது, அதற்குக் கூடுதல் விலையும் கேட்கிறார்கள். ஜிஐஏ அறிக்கையில் அப்படி ஒரு தரமே கிடையாது. ஃபுளோரசன்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'ஸ்ட்ராங் ப்ளூ' என்று இருந்தால், புற ஊதா ஒளியில் கல் நீலமாக ஒளிர்கிறது என்று அர்த்தம். டி, ஈ, எஃப் கலர் கற்களில் இது இருந்தால் உலகச் சந்தையில் பொதுவாக விலையைக் குறைப்பார்கள். அதையே இங்கே கூடக் கொடுத்து வாங்குவது என்ன கணக்கோ!

விவிஎஸ் மோகமும் அப்படித்தான். கிளாரிட்டியைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத்தான் போடுகிறார்கள். விவிஎஸ்ஸுக்கு அடுத்த படியான விஎஸ் கல்லில் உள்ள குறை வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. பளபளப்பைத் தருவது கட், அதாவது கல்லை வெட்டிய விதம். தோஷம் பார்க்கும் குடும்பம் என்றால் புள்ளி எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் உள்ள முழு அறிக்கையைக் கேளுங்கள். ஜிஐஏவின் சின்ன 'டாசியர்' அறிக்கையில் அந்தப் படம் இருக்காது.

கடைசியாக பில். ஜிஐஏ அறிக்கை விலையைச் சொல்லாது, திருப்பி எடுப்பதைப் பற்றியும் சொல்லாது. தங்க எடை, வைர எடை, செய்கூலி தனித்தனியாக, அறிக்கை எண், இயற்கையா வளர்த்ததா, திருப்பிக் கொடுத்தால் எத்தனை சதவீதம் என எல்லாம் பில்லிலேயே வரட்டும். "அதெல்லாம் சிஸ்டத்துல வராது மேடம்" என்றால் கையால் எழுதி, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள்.