வெளியே அனுப்பும் முன்: நடத்தைப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் ஒரு சிறுவனுக்கு எழுத்துப் பயிற்சித் தாளை நீட்டினார். அவன் அழுதுகொண்டே பென்சிலை வீசி எறிந்தான். "போய் மூலையில் உட்கார்" என்றார். உடனே எழுந்து போனான். உட்கார்ந்ததும் அழுகை நின்றுவிட்டது. ஆரம்ப காலத்தில் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

திட்டாதீர்கள், சொன்ன பரிசைக் கொடுக்க மறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்டனை என்று நினைத்துப் பரிசு கொடுப்பது

கணக்குத் தாளைக் கண்டாலே நாற்காலியைத் தள்ளிவிடும் ஒரு சிறுமியை ஐந்து நிமிடம் வெளியே அனுப்பிவந்தேன். குறையவில்லை. பத்து நிமிடமாக்கினேன். தாளை எடுக்கப் போகும்போதே நாற்காலி சாய ஆரம்பித்தது. அடம் என்று நினைத்தேன். பல வாரம் கழித்து என் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது: விளையாட்டு நேரத்தில் ஒருமுறைகூட அவள் நாற்காலியைத் தள்ளியதில்லை. கணக்கிலிருந்து தப்பும் வழியை நானே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்த வாரங்களை அவளுக்குத் திருப்பித் தர முடியாது.

பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு செயல் வலுப்பெற்றால் அது எதிர்மறை வலுவூட்டல். பலர் இதைத் தண்டனையின் இன்னொரு பெயர் என்று நினைக்கிறார்கள்; தண்டனை செயலைக் குறைக்கும், இது கூட்டும். 'டைம் அவுட்' என்பதே பிடித்த ஒன்றிலிருந்து கொஞ்ச நேரம் விலக்கி வைப்பதுதான். பிடிக்காத வேலையிலிருந்து அனுப்பினால் அது விடுதலை. இத்தனை காலமாகியும் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமலே 'டைம் அவுட்' கற்றுத் தருவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஒரே நடத்தைக்குக் காரணம் குழந்தைக்குக் குழந்தை வேறுபடலாம் என்பதை நடத்தை ஆய்வாளர் இவாட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் 1982இலேயே காட்டிவிட்டார்கள். 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இன்னொரு படி போனார்கள். வேலை கடினமாக இருந்ததால் கத்திய குழந்தைகளுக்கு உதவி கேட்கவும், கவனம் தேடிக் கத்தியவர்களுக்குக் கவனத்தைக் கேட்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். காரணத்துக்குப் பொருந்திய வாக்கியம் நடத்தையைக் குறைத்தது, பொருந்தாதது குறைக்கவில்லை.

ஆகவே சில நாள் மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள்: முன்பு என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு என்ன கிடைத்தது. தப்பிக்கத்தான் என்று தெரிந்தால் வேலையைச் சிறிதாக்குங்கள். "உதவி வேணும்", "கொஞ்சம் நிறுத்தலாமா" என்று கேட்கப் பழக்குங்கள். தொடக்கத்தில் கேட்டவுடனே கொடுங்கள். பிறகு அதே வேலைக்குத் திரும்புங்கள், இரண்டு கணக்கானாலும் சரி.

பாதியில் விட்டுக்கொடுப்பது

கவனத்துக்காக அழும் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் அழுகை முதலில் கூடலாம். அழுகை உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் இறங்கி வந்தால் அந்த உச்சம்தான் பழகும். கடைசிவரை தாங்க முடியாதென்றால் தொடங்காதீர்கள். தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் பிள்ளையிடம் இதைச் செய்யவே கூடாது.

விரும்பி வரைகிற பிள்ளைக்குப் பரிசு பேசுவது

வேண்டாம். 1973இல் உளவியலாளர் லெப்பரும் சகாக்களும் செய்த ஆய்வில், பரிசு உண்டு என்று முன்கூட்டியே கேட்டு வரைந்த குழந்தைகள் பிறகு தாங்களாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

வெறும் "வெரி குட்"

எதற்கு என்றும் சொல்லுங்கள்.