நர்சிங் கடைசி வருடமா? இந்தத் தவறுகளை வார்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கம் ஒரு வார்டில் ஒரே நேரத்தில் மூன்று கோவெண்டர், இரண்டு நாயுடு, ஒரு மூட்லி படுத்திருப்பது சாதாரண விஷயம். 1860இல் மெட்ராஸிலிருந்து கப்பலேறத் தொடங்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் காலத்தில் கவுண்டர் கோவெண்டராகவும் முதலியார் மூட்லியாகவும் ஆகிப்போனது, ஆனால் குடும்பப் பெயர்களின் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை. அப்படிப்பட்ட வார்டில் ஒரு மாணவி மருந்துத் தட்டோடு கட்டிலருகே போய், "நீங்கள்தானே மிசஸ் கோவெண்டர்?" என்று கேட்கிறாள். காது மந்தமான பாட்டி, போதாததற்குத் தூக்கக் கலக்கம், தலையை ஆட்டிவிடுகிறார். அவர் மிசஸ் மூட்லி. மிசஸ் கோவெண்டர் பாத்ரூம் போயிருக்கிறார்.

பெயரை நீங்கள் சொல்லி ஆமாவா என்று கேட்காதீர்கள். "உங்கள் முழுப் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு அவர் வாயால் சொல்லவைத்து, கைப்பட்டையிலும் மருந்துச் சீட்டிலும் உள்ள ஃபோல்டர் நம்பரை, அதாவது நோயாளியின் கோப்பு எண்ணை, ஒப்பிட்டுப் பாருங்கள். குடும்பப் பெயர் மட்டும் போதாது, முதல் பெயரும்கூட இரண்டு பேருக்கு ஒன்றாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் நன்றாகப் படித்த பிள்ளைகள் மார்க் இழக்கிற இடமும் இதுதான்: பொம்மைதானே படுத்திருக்கிறது என்று அடையாளம் பார்ப்பதை விட்டுவிடுவார்கள், கை கழுவினேன் என்று வாயால் சொல்லிவிட்டு கழுவாமல் போவார்கள்.

மாணவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளில் பாதி "எதை மனப்பாடம் பண்ணணும் அக்கா?" என்றுதான் இருக்கும். நான் பார்த்தவரையில் பாடம் தெரியாததால் வந்த ஆபத்து குறைவு. கேட்காமல், பார்க்காமல், எண்ணாமல், தெரிந்ததாக எடுத்துக்கொண்டதால் வந்ததே அதிகம்.

மூச்சு எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் மாணவியாக இருந்தபோது ஒரு இரவு ஷிஃப்ட், விடியற்காலை நாலரை மணி, ஆறு பேருக்கு அப்ஸ், அதாவது பிரஷர், நாடி, மூச்சு போன்ற அளவுகள், எடுக்கணும். பிரஷர், நாடி, டெம்பரேச்சர் எல்லாம் மெஷின் காட்டிவிடும், மூச்சுக்கு மட்டும் நாம்தான் நின்று எண்ணவேண்டும். நான் நிற்கவில்லை. ஆறு சார்ட்டிலும் 18, 18 என்று எழுதிக்கொண்டே போனேன். ரவுண்டுக்கு வந்த சீனியர் சிஸ்டர் ஆறு சார்ட்டையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார், ஒன்றும் சொல்லவில்லை, என் கையைப் பிடித்து நான்காவது கட்டிலுக்குக் கூட்டிப்போய் தன் வாட்சைக் கழற்றி என்னிடம் தந்தார். ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 28. அந்த ஐயாவுக்கு பிரஷர் அப்போது நன்றாகவே இருந்தது, காய்ச்சல்கூட லேசாகத்தான், ஆனால் நிமோனியா உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. உடம்பு மோசமாகப் போகும்போது முதலில் மாறுகிறவற்றில் மூச்சு ஒன்று, பிரஷர் பல சமயம் கடைசியில்தான் விழும். அவர் பிழைத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த சிஸ்டர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். எடுக்காத அப்ஸை எழுதாதீர்கள். விட்டுப்போனால் விட்டுப்போனது என்றே எழுதுங்கள். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போடுங்கள். டிப்பெக்ஸ் என்ற வெள்ளை அழிப்பு மை பாட்டிலை வார்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

அடுத்தது எண்கள். தென்னாப்பிரிக்காவில் தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் கமா போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அந்தக் கமா அவசரத்தில் எழுதும்போது மறைந்தே போய்விடும். ஹாலோபெரிடால் 0,5 மில்லிகிராம் என்று எழுதவேண்டியதை முன்னால் பூஜ்யம் இல்லாமல் எழுதினால், அடுத்த ஷிஃப்டில் இருப்பவர் கண்ணுக்கு அது 5. அந்த மருந்து 5 மில்லிகிராமிலும் வருகிறது, அதனால் யாருக்கும் சந்தேகம்கூட வராது. மார்ஃபினை 5,0 என்று எழுதினால் 50. கமாவுக்கு முன் பூஜ்யம் கட்டாயம் வேண்டும், முழு எண்ணுக்குப் பின்னால் கமாவும் பூஜ்யமும் வேண்டவே வேண்டாம். இன்சுலினுக்கு யூனிட் என்ற சொல்லை முழுசாக எழுதுங்கள். U என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது பூஜ்யம்போல் தெரியும், பத்து நூறாகிவிடும். அப்புறம், இன்சுலினை இன்சுலின் சிரிஞ்சில்தான் எடுக்கவேண்டும், வேறு சிரிஞ்ச்தான் கையில் இருக்கிறது என்றால் தேடிக்கொண்டு வாருங்கள்.

டிரிப் கணக்கில் எல்லோரும் 20 என்ற எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். 1000 மில்லி, 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு, சரி. அதே தண்ணீர் 15 சொட்டு செட்டில் போனால் 31தான். 60 சொட்டு மைக்ரோ செட்டில் 125. செட்டின் கவரில் அந்த எண் அச்சடித்திருக்கும், கவரைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் படியுங்கள், தேர்வுத் தாளில் கேள்வியின் கடைசி வரியைப் படியுங்கள்.

இன்டர்நெட்டில் கிடைக்கிற அமெரிக்கக் கேள்விகளை வைத்தே படிப்பது இப்போது ரொம்பப் பரவிவிட்டது. பயிற்சிக்கு நல்லதுதான், ஆனால் அந்தப் புத்தகம் சர்க்கரை 70க்குக் கீழே போனால் ஆபத்து என்று சொல்லும், விரலில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிற நம் எச்ஜிடி மெஷினில் அது 4க்குக் கீழே. அலகே வேறு, நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், சால்ப்யூட்டமால் அங்கே அல்ப்யூட்டரால். இங்கே வேலை பார்க்கப் போகிற பிள்ளை முதலில் நம் நாட்டு ஸ்டாண்டர்ட் ட்ரீட்மென்ட் கைட்லைன்ஸ் என்ற சிகிச்சை வழிகாட்டியைப் படிக்கட்டும், அது போனிலேயே கிடைக்கிறது. அமெரிக்காவுக்கே போகப்போகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம்: என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வில் குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. நீங்கள் பதில் சொல்கிற விதத்தைப் பார்த்து கம்ப்யூட்டர் அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். 85இல் நின்றுவிட்டால் ஃபெயில் என்று அர்த்தமில்லை, 150 வரை போனாலும் அர்த்தமில்லை, அதை எண்ணிக்கொண்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

"முதலில் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி எந்த நாட்டுத் தேர்விலும் வரும். இதில் இரண்டு விதமாகத் தப்பு செய்கிறார்கள். சிலர் எதற்கெடுத்தாலும் "டாக்டருக்குச் சொல்வேன்" என்று போடுவார்கள், வேறு சிலர் "முதலில் அசெஸ் பண்ணணும்" என்ற சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி பிரஷர் பார்ப்பார்கள். பிரசவமாகி அரை மணி நேரம், ரத்தம் நிறையப் போகிறது, கையை வைத்தால் கர்ப்பப்பை மாவு மாதிரி மெத்தென்று இருக்கிறது என்று கேள்வியிலேயே எழுதியிருந்தால் அசெஸ்மென்ட் முடிந்துவிட்டது என்று பொருள். கை வயிற்றை விட்டு எழக்கூடாது, கர்ப்பப்பையைத் தேய்த்து இறுகவைத்துக்கொண்டே உதவிக்குச் சத்தம் போடவேண்டும், டாக்டரைக் கூப்பிடுவது வந்து நிற்கிற இன்னொருவர் வேலை. அதே கேள்வியில் கர்ப்பப்பை ஒரு பக்கமாக, பெரும்பாலும் வலது பக்கம், ஒதுங்கி மேலேறி நிற்கிறது என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தால் மூத்திரப்பை நிறைந்திருக்கிறது, அதைக் காலி செய்தால்தான் கர்ப்பப்பை சுருங்கும். ஒரு சொல்லில் விடை மாறிவிடுகிறது பாருங்கள்.

மொழி. டர்பன் இருக்கிற குவாசுலு நட்டால் மாகாணத்தில் ஜூலு மக்களின் மொழியான இசிசூலு தெரியாமல் வேலை பார்க்கலாம் என்று நினைப்பது பெரிய தவறு. "குபுஹ்லுங்கு குபி?", எங்கே வலிக்கிறது, இந்த ஒரு கேள்வியாவது நாக்கில் வரவேண்டும். வயதான கோகோ, அதாவது பாட்டி, ஒருவரிடம் இங்கிலீஷில் மாத்திரையை விளக்கினால் "யெபோ சிஸ்டா, யெபோ" (ஆமாம் சிஸ்டர், ஆமாம்) என்று மரியாதைக்காகச் சொல்லிக்கொண்டே இருப்பார், புரிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். கர்ப்பிணி இசிஹ்லாம்பேசோ என்ற நாட்டு மூலிகைக் கஷாயம் குடிக்கிறாரா என்று திட்டாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த தடவை மறைத்துவிடுவார். நம் ஆட்களிடமும் அப்படித்தான், புரட்டாசி விரதம், காவடிக்கு விரதம் என்று பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்துகொண்டு இன்சுலினை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொள்கிற அம்மாக்கள் உண்டு. தமிழ் முகம், நம் ஆள், இவருக்கு எல்லாம் தெரியும் என்று நாமும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

ஊசி குத்திவிட்டால் மறைக்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடப்போய் விரலில் குத்திக்கொண்டு, திட்டுவார்களே, ரிப்போர்ட் கெட்டுப்போகுமே என்று பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். எச்ஐவி இவ்வளவு இருக்கிற நாட்டில் இது விளையாட்டு இல்லை. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிழிந்து ரத்தம் எடுக்கவேண்டாம், உடனே பொறுப்பு சிஸ்டரிடம் சொல்லுங்கள். தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாகவேண்டும், தொடங்கினால் 28 நாளும் விடாமல் சாப்பிடவேண்டும். உங்கள் ரத்தத்தையும் அன்றைக்கே டெஸ்ட் பண்ணி எழுதிவையுங்கள், பின்னால் நஷ்டஈடு கேட்கவும் அது வேண்டும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி மணிநேரத் தாளில் அந்தந்த ஷிஃப்ட் முடிந்ததுமே கையெழுத்து வாங்குங்கள், வருடக் கடைசியில் தேடினால் அந்த சிஸ்டர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப்போயிருப்பார். படிப்பு முடிந்த விவரத்தைக் கல்லூரிதான் பிரிட்டோரியாவில் உள்ள நர்சிங் கவுன்சிலுக்கு அனுப்பவேண்டும், அனுப்பியாயிற்றா என்று நீங்கள்தான் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். படிப்பு முடிந்ததும் கட்டாயமாகச் செய்யவேண்டிய ஒரு வருட காம்சர்வ், அதாவது சமூக சேவைப் பணி, இடத்துக்கான ஆன்லைன் விண்ணப்பத்தின் தேதியைத் தவறவிடாதீர்கள். பதிவு கிடைத்த பிறகு வருடாந்திரக் கட்டணத்தை டிசம்பர் 31க்குள் கட்டினால்தான் அடுத்த வருடச் சான்றிதழ், அது இல்லாமல் ஒரு நாள்கூட வேலை பார்க்க 2005ஆம் வருட நர்சிங் சட்டம் அனுமதிக்காது. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று சந்தேகம் வந்தால் செசிலியா மாக்கிவானேயை நினைத்துக்கொள்ளுங்கள், 1908 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் பதிவு பெற்ற முதல் கறுப்பின நர்ஸ், கவுன்சில் கட்டடத்துக்கே அவர் பெயர்தான்.

காம்சர்வில் போன முதல் மாதத்தில் கட்டாயம் நடக்கும் ஒன்று இருக்கிறது. ராத்திரி கூட்டமான நேரத்தில் ஒரு சீனியர், மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்குக் கணக்கு எழுதும் ஷெட்யூல் 6 ரெஜிஸ்டரை நீட்டி, "மார்ஃபின் கொடுத்துட்டேன், விட்னஸ் சைன் மட்டும் போடு" என்பார். நல்லவராகத்தான் இருப்பார், உங்களுக்குச் சாப்பாடு பங்கு வைத்தவராகக்கூட இருப்பார். பார்க்காததற்குக் கையெழுத்துப் போட்டால், விடியற்காலை கணக்கெடுக்கும்போது ஒரு ஆம்ப்யூல் (மருந்துக் குப்பி) குறைந்தால் பதில் சொல்லவேண்டியவர்களில் நீங்களும் ஒருவர். "சிஸ்டர், நான் பார்க்கலையே, அடுத்த தடவை எடுக்கும்போது கூப்பிடுங்க, ஓடி வர்றேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள், அப்படியே ஓடியும் போங்கள். ஆம்ப்யூலை எடுப்பதையும், சிரிஞ்சில் ஏற்றுவதையும், நோயாளிக்குப் போடுவதையும், மிச்சத்தைக் கொட்டுவதையும் கண்ணால் பார்த்த பிறகு பேனாவைத் திறங்கள்.