கிளைகோஜன் சேமிப்பு நோயுள்ள பிள்ளையின் உயரத்தை வீட்டில் அளப்பது எப்படி?

எங்கள் மகனுக்கு இருப்பது கிளைகோஜன் சேமிப்பு நோய், 1ஏ வகை. ஈரலில் குளுக்கோஸ்-6-பொஸ்படேஸ் என்ற நொதியம் வேலை செய்யாததால், சேர்ந்திருக்கும் கிளைகோஜனைச் சீனியாக்கி இரத்தத்துக்கு விட முடியாது. ஈரல் பெருத்து வயிறு முன்னுக்கு வரும், சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கும், உயரம் பின்தங்கும். சீனி இறங்காமல் இருக்க மணி பார்த்துப் பச்சையாகக் கோன்ஃப்ளவர் (சோளமாவு) கரைத்துக் கொடுக்கும் வீடுகளுக்கு இதெல்லாம் தெரிந்த கதை, நேராக அளவுக்கே போகிறேன்.

முதல் விஷயம், நிறையை மட்டும் நம்ப வேண்டாம். நிறுவை நாளில் முள் ஏறினால் மிட்வைஃப் மிஸ்ஸிக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம். ஆனால் ஈரலின் பாரமும் அந்த முள்ளில்தான் சேர்கிறது. கோன்ஃப்ளவர் தேவைக்கு மேல் போனாலும் நிறை ஏறும். கன்னம் உருண்டு பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும், உயரமோ நின்ற இடத்திலேயே நிற்கும்.

1. சுவரும் டேப்பும்

தையல் டேப் வேண்டவே வேண்டாம், நாள் போகப்போக இழுபடும். மேசன்மார் வைத்திருக்கும் இரும்பு டேப்தான் என் தெரிவு. தோட்டத்து லயத்துச் (வரிசை வீட்டுச்) சுவர் அநேகமாக நேராக இருக்காது, காரை புடைத்திருக்கும். கதவு நிலை நல்லது. அதன் அடியில் தரை சரிந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் வீட்டில் முயல வேண்டாம். படுக்கவைத்து அளக்கப் பலகையும் இரண்டு பேரும் வேண்டும், அதைக் கிளினிக்கிலேயே செய்யட்டும். நின்று அளந்தால் படுத்து அளந்ததைவிடச் சுமார் 0.7 சென்ரிமீற்றர் குறையும். இரண்டு வயதில் முறை மாறியபோது மகன் தேய்ந்துவிட்டான் என்றே வீட்டில் பயந்தோம்.

2. நிறுத்தி அளப்பது

காலையில், சாப்பாடு கொடுத்த பிறகு. அளப்பதற்காகச் சாப்பாட்டைப் பிந்தவிடக் கூடாது. கம்பளித் தொப்பி, சுவெட்டர், காலுறை எல்லாம் கழற்ற வேண்டும். நுவரெலியாக் குளிரில் பிள்ளை தோளைக் குறுக்கிக்கொள்ளும், ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். குதிகால், பின்புறம், தோள், தலை கதவு நிலையில் படட்டும், பார்வை நேராக இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகத்தின் முதுகை நிலையோடு ஒட்டிப் பிடித்து, உச்சந்தலையில் முடி அமுங்கும்வரை இறக்கி, பென்சிலால் கோடு போடுங்கள். பிள்ளையை விலக்கிவிட்டு, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். இரண்டு முறை அளக்க வேண்டும். வித்தியாசம் 0.7 சென்ரிமீற்றரைத் தாண்டினால் இரண்டையும் விட்டுவிட்டுத் திரும்ப அளங்கள்.

3. எப்போது ஒப்பிடுவது

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நாலு வயதுக்குப் பிறகு பருவமடையும்வரை பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 சென்ரிமீற்றர்தான் வளர்வார்கள், மாதத்துக்கு அரைதான். நம் கை தவறுவதும் அவ்வளவே. ஆகவே மாதாமாதம் அளந்து நெஞ்சு பதைப்பதில் பிரயோசனம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளங்கள், ஆறு மாத இடைவெளியை ஒப்பிடுங்கள். சுகாதாரப் பதிவேட்டின் வளர்ச்சிக் கோட்டில் புள்ளி எந்த நிறத்தில் விழுகிறது என்பதைவிட, புள்ளிகள் கோட்டோடு சேர்ந்து ஏறுகின்றனவா, கோடு தாண்டிக் கீழே இறங்குகின்றனவா என்பதுதான் பேச்சு.

“தோட்டத்துப் பிள்ளைதானே, குட்டையாகத்தான் இருக்கும்” என்பார்கள். இலங்கையின் 2016 தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களில் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேரளவில் வயதுக்கேற்ற உயரம் இல்லை, தோட்டப்புறத்தில் 32 பேரளவில். இந்தக் கூட்டத்தில் நோயுள்ள பிள்ளை கண்ணில் படாமலே போய்விடும். பிள்ளை வளர்ந்தால் எவ்வளவு உயரம் வரும் என்று அம்மா அப்பா உயரத்தை வைத்துப் போடும் கணக்கும் அப்படித்தான். ஆண் பிள்ளைக்கு இருவர் உயரத்தையும் சென்ரிமீற்றரில் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுப்பார்கள், பெண் பிள்ளைக்கு 13ஐக் கழிப்பார்கள். நாமே சாப்பாட்டுக் குறையில் வளர்ந்தவர்கள் என்றால் அந்தக் கணக்கு எதற்குச் சரி?

4. டொக்டரிடம் கொண்டுபோவது

ஒரு கொப்பியில் திகதி, உயரம், நிறை, சாப்பாட்டு நேரம், சீனி அளவு. நிறை ஏறி உயரம் நின்றால் அதைக் காட்டிக் கேளுங்கள். கோன்ஃப்ளவரை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பிறகு சேர்த்தது

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: பேராதனைக் கிளினிக்குக்குப் போகும் வழியில், கினிகத்தேனை வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுத்தால்? குடித்த கோன்ஃப்ளவர் உள்ளே நின்றது என்று கணக்கு வைக்காதீர்கள். டொக்டர் எழுதித்தந்த அவசரக் குளுக்கோஸ் முறைப்படி கொடுங்கள். அதுவும் தங்காவிட்டாலோ, பிள்ளை சோர்ந்தாலோ, கிளினிக் போவதை விட்டுவிட்டு வழியிலுள்ள ஆஸ்பத்திரியில் இறங்கிவிடுங்கள்.

லயத்திலிருந்து தனி வீட்டுக்குப் போகிறவர்கள், சாமான் ஏற்றும் நாளிலேயே பழைய நிலையிலும் புது நிலையிலும் அளந்து இரண்டு எண்ணையும் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த அளவில் வளர்ந்தது பிள்ளையா, தரை மாறியதா என்று தெரியாது.