ஓசூருக்குக் குடிபோகும் முன்

ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறதா? சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள், இந்த வேலை போனால் அதே ஊரில் இன்னொன்று கிடைக்குமா? மெக்கானிக்கல் ஆட்களுக்குப் பெரிய கவலையில்லை, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன், அப்புறம் சிப்காட் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் சின்னச் சின்ன கம்பெனிகள் என்று சுற்றிலும் இருக்கின்றன; ஐடிக்காரர் என்றால் பெரும்பாலும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். அந்த ரோட்டில் ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு முடிவெடுத்தவன். 2019ல் ஓசூர் மாநகராட்சி ஆகிவிட்டது, சரி, ஆனால் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை வீட்டு ஓனரிடம் கேட்காதீர்கள், கீழ் வீட்டு வாசலில் குடங்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் அக்காவிடம் கேளுங்கள்.