சட்டையில் சிந்திய சால்னா: சுயக்கட்டுப்பாட்டையும் அடிதடியையும் முடிச்சுப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு பதினொன்றரை மணி, பைபாஸ் ஓரப் பரோட்டா கடை. எழுந்து போனவரின் முழங்கை பட்டு, பக்கத்து மேசைக்காரர் சட்டையில் சால்னா சிந்தியது. "பாத்துப் போகத் தெரியாதா?" என்றார் நனைந்தவர். "என்னடா இப்ப?" என்றார் இடித்தவர். சால்னாவைவிட அந்த ‘டா’தான் சுட்டது. நனைந்தவர் விருட்டென்று எழுந்தார், நின்றார், பிறகு குழாயடிக்குப் போய்ச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். போகாமல் இருந்திருந்தால் மறுநாள் பேப்பரில் ‘வாய்த்தகராறு முற்றியதில்’ என்று நாலு வரி வந்திருக்கலாம்.

எழுந்தவர் நின்றாரே, அந்தக் கணத்தில் வேலை செய்வதைத்தான் சுயக்கட்டுப்பாடு என்கிறோம். (தன்னடக்கம் வேறு, அது மேடையில் மாலை விழும்போது தேவைப்படுவது.) சுயக்கட்டுப்பாடு குறைந்தவர்களே அதிகம் குற்றம் செய்கிறார்கள் என்று 1990-இல் அமெரிக்கக் குற்றவியல் அறிஞர்களான காட்ஃபிரட்சனும் ஹிர்ஷியும் வாதிட்டார்கள். 1999-இல் கிறிஸ்டோபர் ஷ்ரெக் அதே கருத்தை அடிபடுகிறவர் பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் தொடர்பு தெரிந்தது: சுயக்கட்டுப்பாடு குறைந்தவர்கள் அடிபடுவதும் அதிகம்.

இதைக் கேட்டதும் பலர் ஜாதகம் கணிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்: ‘இவன் முன்கோபி, ஒருநாள் வாங்கிக் கட்டிக்குவான்.’ 66 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளியான அலசல் ஒன்று, தொடர்பு உண்மைதான், ஆனால் மிதமானது என்கிறது. பின்னிரவுக் குடி, சண்டைக்காரச் சகவாசம் போன்றவற்றைத் தனியே கணக்கில் எடுத்தால் அது இன்னும் குறைகிறது. வேடிக்கை என்னவென்றால், இணைய மோசடி போல, ஆள் நேரில் வராத குற்றங்களில்தான் தொடர்பு கூடுதல். ‘பரிசு விழுந்திருக்கிறது’ என்று வரும் லிங்க்கைத் தட்டும் விரலுக்கும் இதே அவசரம்தான்.

அடுத்த தவறு, அடித்தவன் ஒரு ஜாதி, அடிபட்டவன் ஒரு ஜாதி என்று பிரிப்பது. பிலடெல்பியாவில் 1948 முதல் 1952 வரை நடந்த 588 கொலைகளை குற்றவியல் ஆய்வாளர் மார்வின் வுல்ஃப்காங் போலீஸ் பதிவுகளிலிருந்து ஆராய்ந்தார். 150 கொலைகளில் முதலில் கை ஓங்கியவரோ ஆயுதம் எடுத்தவரோ செத்துப்போனவர்தான். அன்று யார் பிணமாவது என்பதை யார் கையில் கத்தி இருந்தது, யாருக்குப் போதை அதிகம் என்பது போன்ற சங்கதிகள் தீர்மானித்திருக்கும்.

ஆனால் நான் கண்டதில் மோசமான தவறு, இந்தக் கணக்கை எல்லா வன்முறைக்கும் நீட்டுவது. வுல்ஃப்காங் ‘முதலில் கை ஓங்கியது யார்’ என்று மட்டும்தான் கேட்டார். இன்னொரு ஆய்வாளரான மெனகெம் அமீர் அதே ஊரின் பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கு அந்த யோசனையைக் கொண்டுபோனார். 1971-இல் அவர் வெளியிட்ட நூலில், போதுமான அளவு எதிர்ப்புக் காட்டாததுகூட அந்தப் பெண் வரவழைத்துக்கொண்டதாகக் கணக்கில் சேர்ந்தது. கடும் கண்டனம் எழுந்தது, எழ வேண்டியதுதான். நம்மூரில் இதற்கு ஆராய்ச்சியே தேவைப்படவில்லை. சேலையும் முள்ளும் பற்றிய பழமொழி ஒன்று கைவசம் இருக்கிறது, கிழிவது சேலைதானாம். முள்ளை வெட்டச் சொல்லிப் பழமொழி ஏதும் எனக்குத் தெரியாது.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். சொந்த அடுப்படியில் அடிவாங்குகிறவளிடம் போய் எந்த ‘ஆபத்தான பழக்கத்தை’ விடச் சொல்வது? அங்கே அளக்க வேண்டியது அடிக்கிறவனின் சுயக்கட்டுப்பாட்டை. அதுகூட மேலதிகாரி முன்னால் ஒழுங்காகத்தான் இருக்கும்.

கடைசியாக, ‘பட்டால்தான் புத்தி வரும்’ என்ற நம்பிக்கை. டுரானோவிச், பிராட் இருவரும் அமெரிக்க இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வில், அடிபட்ட பிறகும் ஆபத்தான பழக்கங்களை மாற்றிக்கொள்ளாமல் இருந்தவர்கள் பெரும்பாலும் சுயக்கட்டுப்பாடு குறைந்தவர்களே. வாங்கிய அடியை மறக்காதவன் வேறு வழியில் வீட்டுக்குப் போவான் என்று நாம் நினைக்கிறோம். அவனோ நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்புகிறான்.

அந்த வாரக் கடைசியில் மறுபடி அதே கடை. ‘டா’ சொன்னவர் இரண்டு பேரோடு வந்து, "அன்னிக்கு மொறச்சுட்டுப் போனானே, அவன் வந்தானா?" என்று கேட்டார். மாஸ்டர் நிமிரவே இல்லை. "அவரு வெளியூருண்ணே, இனி வரமாட்டாரு," என்றபடி அடுத்த உருண்டையை வீசத் தொடங்கினார். நனைந்த சட்டைக்காரர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர் என்பது மாஸ்டருக்கு நன்றாகவே தெரியும்.